நோயுற்ற தமனிகளில் காப்புப் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் தமனியில் அடைப்பு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ (ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி) மாத்திரைகளைப் பற்றிக் கேட்கும்போது, அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது இதுதான்: தமனிச் சுவரால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் அந்தக் காப்பு எப்போது தோற்கிறது? உடல் தானே உருவாக்கிக்கொள்ளும் காப்புப் புரதங்களையும் கடையில் விற்கும் மாத்திரைகளையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதே இத்துறையில் பெரும் ஏமாற்றங்களுக்குக் காரணமாயிற்று என்பது என் உறுதியான கருத்து. கீழுள்ள பதில்கள் அந்த வேறுபாட்டை விளக்குவதற்காகவே எழுதப்பட்டவை.

தமனி நோயுறுகிறது என்றால் அதன் சுவரில் என்ன நடக்கிறது?

கொழுப்பு தமனியின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வதில்லை, சுவருக்குள்ளே சேர்கிறது. தமனியின் உட்புறத்தை எண்டோதீலியம் எனப்படும் ஒற்றைச் செல் அடுக்கு மூடியிருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்து இரத்தத்தில் மிதந்து வரும் எல்.டி.எல். துகள்கள் அந்த அடுக்கைக் கடந்து சென்று, அதன் அடியிலுள்ள இழைகளுக்கிடையே சிக்கிக்கொள்கின்றன. அவற்றை அகற்ற வரும் மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைச் செல்களாக மாறி, அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த கூழான மையப் பகுதியும், அதன்மேல் நார்த்திசுவால் ஆன ஒரு மூடியுமாகப் படிவு வளர்கிறது. மூடி மெலிந்து கிழியும்போது இரத்தம் அந்த இடத்தில் உறைந்து, மாரடைப்போ பக்கவாதமோ ஏற்படுகிறது.

இதில் ஆக்சிஜனேற்றத்துக்கு என்ன பங்கு?

மேக்ரோபேஜ் செல்களை இயல்பான எல்.டி.எல். துகள்களோடு சேர்த்து வளர்த்தால் அவை எளிதில் நுரைச் செல்களாவதில்லை என்பது ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. எல்.டி.எல். ஏதோ ஒரு வகையில் மாற்றமடைந்தால்தான் அந்தச் செல்கள் அதைத் தடையின்றி விழுங்குகின்றன என்று தெரியவந்தபோது, அந்த மாற்றங்களுள் முதன்மையானது ஆக்சிஜனேற்றம் (ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டுப்போதல்) என்ற கருத்து உருவாயிற்று. டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1989இல் இதைத் தெளிவாக முன்வைத்தனர். சுவரிலுள்ள செல்கள் வெளியிடும் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளும், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து கசியும் இரும்பும் எல்.டி.எல். துகளின் கொழுப்பைக் கெடுக்கின்றன. இவ்வாறு கெட்டுப்போன கொழுப்பு எண்டோதீலியத்தைத் தூண்டி மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கிறது. அவை மேலும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன.

எல்.டி.எல். மிகுதியே மூல காரணம் என்பதை இந்தக் கருத்து மறுக்கவில்லை. சுவருக்குள் நுழைந்த எல்.டி.எல். எப்படித் தீங்கு செய்கிறது என்பதையே அது சொல்கிறது.

காப்புப் புரதங்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலானவை நொதிகள். முதலில் வருவது சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் 1969இல் இதன் செயலைக் கண்டறிந்தபோதுதான், உடலுக்குள் சூப்பர்ஆக்சைடு இடைவிடாமல் உண்டாகிறது என்பதும் அதைக் களைவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது என்பதும் அறிவியலுக்குத் தெரிந்தன. இந்த நொதி சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. ஆனால் பெராக்சைடும் முழுக்கத் தீங்கற்றதன்று. எனவே அதை நீராக மாற்ற கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ், பெராக்ஸிரெடாக்ஸின் ஆகியவை தேவைப்படுகின்றன.

இந்த வரிசைமுறை ஏட்டளவிலானதன்று. தமனித்தடிப்பு நோய்க்கு ஆளாகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் கேட்டலேஸை மிகுதியாகச் சுரக்கச் செய்தபோது நோய் குறைந்தது. முதற்படி நொதியை மட்டும் மிகுவித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு படியை மட்டும் வலுவாக்கி அடுத்த படியை அப்படியே விட்டுவிட்டால் காப்பு நிறைவடைவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இவற்றைத் தவிர, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். துகளில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சுற்றிவரும் பாராக்ஸோனேஸ்-1, இரும்பைப் பூட்டி வைக்கும் ஃபெரிட்டின், இந்தப் பக்கத்தில் விரிவாகப் பேசப்படும் ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 ஆகியவையும் உள்ளன. இவற்றுள் பலவற்றின் உற்பத்தியை ஒருசேரத் தூண்டுவது செல்லுக்குள் இருக்கும் என்.ஆர்.எஃப்-2 என்னும் புரதம். ஆக்சிஜனேற்ற நெருக்கடி வரும்போது அது செல்லின் உட்கருவுக்குள் சென்று உரிய மரபணுக்களை இயக்குகிறது.

தமனிக்கென்று தனியாக ஏதேனும் உண்டா?

உண்டு. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் ஒரு வகை செல்லுக்கு வெளியே வேலை செய்கிறது. ஸ்வீடனில் ஸ்டெஃபான் மார்க்லண்ட் 1982இல் இதை விவரித்தார். தமனிச் சுவரில் இது செறிந்திருக்கிறது. எண்டோதீலியம் வெளியிட்டுத் தமனியைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு, சூப்பர்ஆக்சைடைச் சந்தித்த கணமே அதனோடு வினைபுரிந்து பெராக்ஸிநைட்ரைட் என்னும் கடுமையான பொருளாகிவிடுகிறது: காக்கும் மூலக்கூறு ஒன்று குறைகிறது, கெடுக்கும் மூலக்கூறு ஒன்று கூடுகிறது. செல்லுக்கு வெளியிலிருக்கும் இந்த நொதி, எண்டோதீலியத்திலிருந்து தசைச் செல்லுக்கு நைட்ரிக் ஆக்சைடு சென்று சேரும் அந்தச் சிறு இடைவெளியைக் காத்து நிற்கிறது.

இந்த நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறிப் பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நொதி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் திறனை இழந்திருப்பதால் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் 10 மடங்கு கூடுதல். கோபன்ஹேகன் நகர மக்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இவர்களுக்கு இதயத் தமனி நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது. காப்புப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அதன் வேலையை நாம் ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டும்போது தோல் முதலில் கருநீலமாகவும், சில நாட்களில் பச்சையாகவும், பின்னர் மஞ்சளாகவும் மாறி மறைகிறது. ஹீமோகுளோபினிலுள்ள ஹீம் என்னும் பகுதியை இந்த நொதி வெட்டும்போது பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி உண்டாகிறது. அதை இன்னொரு நொதி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாக்குகிறது. ஹீம் ஆக்ஸிஜனேஸின் செயலை டென்ஹூனென், மார்வர், ஷ்மிட் ஆகியோர் 1968இல் விவரித்தனர்.

இதே வேலை தமனிப் படிவுக்குள்ளும் நடக்கிறது. முதிர்ந்த படிவுகளுக்குள் மெல்லிய புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் கசிவதால் படிவுக்குள்ளேயே இரத்தக்கசிவு ஏற்படுகிறது. சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. அந்த இணைப்பைத் தம் மேற்பரப்பிலுள்ள சி.டி.163 என்ற ஏற்பியால் மேக்ரோபேஜ்கள் உள்ளே இழுக்கின்றன. உள்ளே ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 ஹீமை வெட்டுகிறது. விடுபடும் இரும்பை, ஒரு மூலக்கூறில் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடக்கிக்கொள்ளக்கூடிய ஃபெரிட்டின் பூட்டி வைக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், தனித்து விடப்பட்ட ஹீமும் இரும்பும் பக்கத்திலுள்ள கொழுப்பையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கிவிடும்.

இந்த நொதி தீமையை அகற்றுவதோடு நிற்பதில்லை. அது உண்டாக்கும் பிலிருபின் தானே ஓர் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. சிறிதளவு வெளிவரும் கார்பன் மோனாக்சைடு அழற்சியைத் தணித்து, தசைச் செல்கள் மிகையாகப் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தப் புரதம் மனிதருக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை, 1999இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறுவனின் வரலாறு காட்டிற்று. பிறவியிலேயே ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 இல்லாத அந்தச் சிறுவனுக்கு வளர்ச்சிக் குறைவும், இடைவிடாத சிவப்பணுச் சிதைவும், எண்டோதீலியச் சேதமும் இருந்தன. ஆறு வயதில் அவன் இறந்தபின் நடந்த உடற்கூறாய்வில், அந்த வயதிலேயே பெருந்தமனியில் கொழுப்புக் கீற்றுகளும் நார்த்திசுப் படிவுகளும் காணப்பட்டன. ஒரே ஒரு குழந்தையிடமிருந்து பொதுவிதி வகுக்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும், எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோது தமனி நோய் கடுமையானதோடு சேர்த்துப் பார்க்கும்போது, அந்தக் குழந்தையின் தமனி சொல்வதைப் புறக்கணிக்க இயலாது.

நோயுற்ற தமனியில் இந்தப் புரதங்கள் குறைவாகத்தான் இருக்குமா?

பலரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். திசுவைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. கழுத்துத் தமனியில் அடைப்பு மிகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையில் படிவை அகற்றுவார்கள். அந்தப் படிவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை இட்டு நிறமேற்றினால், புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறத்தில் தெரியும். ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1ஐ இவ்வாறு தேடியபோது, நலமான தமனிச் சுவரில் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. நோயுற்ற சுவரிலோ எண்டோதீலியத்திலும் நுரைச் செல்களிலும் தசைச் செல்களிலும் அது தெளிவாகத் தெரிந்தது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எளிதில் கிழியக்கூடிய ஆபத்தான படிவுகளில் அது இன்னும் மிகுதியாக இருந்தது.

அப்படியானால் இந்தப் புரதம்தான் படிவைக் கெடுக்கிறதா? வெள்ளம் புகுந்த தெருவில்தான் மணல் மூட்டைகள் மிகுதியாக அடுக்கப்பட்டிருக்கும். மூட்டைகளால் வெள்ளம் வரவில்லை. அதே ஆய்வில், விலங்குகளில் இந்த நொதியைத் தூண்டியபோது படிவு நிலைபெற்றது, தடுத்தபோது மோசமாயிற்று. எனவே படிவில் காணப்படும் மிகுதி, சுவர் போராடிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். அந்தப் போராட்டம் போதவில்லை என்பதன் அடையாளமும்கூட. மனிதத் திசுவில் ஒரு புரதம் கூடியிருக்கிறது என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு அதை நோய்க்குக் காரணம் என்றோ மருந்து என்றோ எழுதும் செய்திகளைப் படிக்கும்போது, இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே உடல், ஒரே இரத்தம். ஏன் சில இடங்களில் மட்டும் அடைப்பு வருகிறது?

தமனியின் நேரான பகுதிகளில் இரத்தம் ஒரே திசையில் சீராக உரசிச் செல்கிறது. அந்தச் சீரான உரசலே எண்டோதீலியச் செல்களில் என்.ஆர்.எஃப்-2ஐ இயக்கி, காப்புப் புரதங்களைச் சுரக்க வைக்கிறது. தமனி கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளின் உட்புறத்திலும் ஓட்டம் சுழன்றும் முன்பின்னாகவும் செல்வதால் அந்தத் தூண்டல் குறைகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் படிவுகள் மிகுதியாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் புரதங்கள் குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகமா?

குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ்-1 பற்றி நல்ல சான்று உண்டு. இதயத் தமனி நோய் இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்த 636 பேரின் சிவப்பணுக்களில் இந்த நொதியின் செயல்திறனை ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்து, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். செயல்திறன் மிகக் குறைந்த கால்பங்கினரோடு ஒப்பிட, மிகக் கூடிய கால்பங்கினருக்கு இதய நிகழ்வுகளின் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்ததாக 2003இல் அவர்கள் தெரிவித்தனர்.

ஹாப்டோகுளோபினிலும் பிறவி வேறுபாடுகள் உள்ளன. சர்க்கரை நோயாளிகளில் 2-2 என்ற வகையுடையவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மரபணு வகை மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதிகளுள் தென்னாசியாவும் ஒன்று என்பதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. ஆனால் இன்று இதை அளந்து சிகிச்சையை மாற்றும் வழக்கம் இல்லை.

என் பரிசோதனை அறிக்கையில் பிலிருபின் சற்றுக் கூடுதலாக உள்ளது. அது இதயத்துக்கு நல்லதா?

கல்லீரல் நலமாக இருந்தும் பிலிருபின் மட்டும் சற்றே கூடியிருக்கும் நிலைக்குக் கில்பர்ட் நிலை என்று பெயர். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது இன்னும் கொஞ்சம் ஏறும். இவர்களிடம் இதய நோய் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியது உண்மை. ஆனால் பிறவியிலேயே பிலிருபினைக் கூட்டும் மரபணு வகையைக் கொண்ட பெருந்திரளான டென்மார்க் மக்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு இதய நோய் குறையவில்லை. எனவே பிலிருபினை இதயக் கவசமாக எண்ணி நிம்மதி கொள்வது சரியன்று. பிலிருபின் ஏன் கூடியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது அவசியம். மஞ்சள் காமாலைக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் முதல் அறிகுறி அதுவாகவே இருக்கலாம்.

அப்படியானால் வைட்டமின் இ, வைட்டமின் சி மாத்திரைகள் சாப்பிடலாமே?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய ஆய்வுகளில் பதில் கிடைத்துவிட்டது. ஹோப் என்ற ஆய்வில் 9,541 பேரில் ஒரு பாதியினர் வைட்டமின் இ எடுத்துக்கொண்டனர். சுமார் நான்கரை ஆண்டுகளுக்குப் பின்னும் மாரடைப்போ மரணமோ குறையவில்லை என்று 2000இல் தெரிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் இதயக் காப்பு ஆய்வில் 20,536 பேர் பங்கேற்றனர். வைட்டமின் இ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்ந்த மாத்திரையால் இரத்தத்தில் அவற்றின் அளவு நன்றாகவே கூடியது; இதய நிகழ்வுகள் குறையவில்லை. அதே ஆய்வில், அதே மக்களிடம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் மாத்திரை முக்கியமான இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகளை ஏறக்குறைய கால்பங்கு குறைத்தது. வைட்டமின் மாத்திரை குறித்து நண்பர்கள் கேட்கும்போது நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

தீங்கும் நேர்ந்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது.

நொதி காக்கிறது, வைட்டமின் காக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

வைட்டமின் இ மூலக்கூறு ஒன்று ஒரு தீவிர மூலக்கூறை (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் வினைமிகு மூலக்கூறை) அடக்கும்போது தானே ஒரு தீவிர மூலக்கூறாகிவிடுகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேறொரு பொருள் வேண்டும். நொதியோ தான் மாறாமல் அதே வேலையை மீண்டும் மீண்டும் செய்கிறது. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் இலட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைக்கவல்லது. வைட்டமின் இயால் ஹைட்ரஜன் பெராக்சைடை அகற்ற முடியாது. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு: மனிதரிடமிருந்து எடுக்கப்பட்ட முதிர்ந்த படிவுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்போடு கூடவே வைட்டமின் இயும் போதிய அளவில் இருந்தது. பற்றாக்குறையே இல்லாத இடத்தில் மேலும் கொட்டுவதால் என்ன பயன்? தவிர, பெராக்சைடு சிறிதளவில் செல்களுக்குள் செய்தி கடத்தும் பணியையும் செய்கிறது; எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அதை அடக்க முயல்வது நோக்கமாக இருக்கவும் முடியாது.

மஞ்சளும் நெல்லிக்காயும்?

மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட எண்டோதீலியச் செல்களில் ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1ஐத் தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. சேர்வதையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றிவிடுகின்றன. உறிஞ்சப்படுவதைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கப்படும் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குழம்பிலும் ரசத்திலும் சேரும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது. நெல்லிக்காயைப் பழமாக உண்பதற்கும் தடையில்லை.

இந்தப் புரதங்களைத் தூண்டும் மருந்துகள் வரவில்லையா?

முயற்சிகள் நடந்தன. சக்ஸினோபுகோல் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மருந்தை, அண்மையில் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்த 6,144 பேரிடம் சோதித்தார்கள். முதன்மை இலக்கு எட்டப்படவில்லை என்று 2008இல் அறிவிக்கப்பட்டது. என்.ஆர்.எஃப்-2ஐத் தூண்டும் பார்டோக்ஸலோன், சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் சோதிக்கப்பட்டபோது, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் அந்த ஆய்வே நிறுத்தப்பட்டது. அதே வழியில் செயல்படும் ஓமாவெலாக்ஸலோன், ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற அரிய நரம்பு நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தமனி நோய்க்கு அன்று. எலிகளிலும்கூட என்.ஆர்.எஃப்-2ஐ நீக்கியபோது சில ஆய்வுகளில் தமனிப் படிவு குறைந்திருக்கிறது. ஒரு புரதம் எந்தச் செல்லில், நோயின் எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்பதால், உடல் முழுவதும் அதைத் தூண்டும் மருந்து எளிதாக வெற்றிபெறாது என்றே நான் கருதுகிறேன்.

இவற்றை இரத்தப் பரிசோதனையில் அளந்துகொள்ளலாமா?

ஆய்வகங்களில் அளக்க முடியும். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்க அவை பயன்படுவதில்லை. இரத்த அழுத்தம், எல்.டி.எல்., சர்க்கரை ஆகியவற்றைத் தவறாமல் பார்த்துவருவதே போதும்.

ஸ்டாட்டினோடு சேர்த்து ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் தீங்கில்லைதானே?

‘தீங்கில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இதயத் தமனி நோயும் குறைந்த எச்.டி.எல். அளவும் உள்ள 160 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாட்டினும், எச்.டி.எல்.லைக் கூட்டும் நியாசினும் பெற்றவர்களின் தமனி அடைப்பு சற்றே பின்வாங்கியது. அவற்றோடு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வைட்டமின்களும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் மங்கியது, எச்.டி.எல். உயர்வும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், நியாசினும் இன்று வழக்கமாகத் தரப்படுவதில்லை. என்றாலும் கூடுதல் மாத்திரைக்குச் சார்பாக எந்தச் சான்றும் இல்லாதபோது இந்த எச்சரிக்கையை மீறக் காரணமில்லை. நீங்கள் ஏற்கெனவே இத்தகைய மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக, வார்ஃபாரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் இயை மிகுந்த அளவில் எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இவற்றை வைக்காதீர்கள்.